பந்துவீச்சு அசைவுப் பகுப்பாய்வு

கிரிக்கெட் பந்துவீச்சாளரின் கை அசைவை முப்பரிமாணத்தில் பதிவுசெய்து, கணினி மாதிரியின் துணையோடு அவரது முழங்கை எத்தனை பாகை நிமிர்கிறது என்று கணக்கிடும் முறையே பந்துவீச்சு அசைவுப் பகுப்பாய்வு. இது உயிர் இயந்திரவியலின் ஒரு கிளை. பந்தை வீசலாம், எறியக் கூடாது என்பது ஆட்டத்தின் பழைய விதி. மடங்கிய முழங்கை, பந்தை விடுவதற்குள் நிமிர்ந்தால் அது எறிதல். மடங்கியபடியே சுழன்றால் எறிதல் அல்ல. இந்த வேறுபாட்டைக் கண்டறியும் பொறுப்பு நெடுங்காலம் நடுவரின் கண்களிடமே இருந்தது.

அதைக் கேள்விக்குள்ளாக்கியவர் கண்டியில் பிறந்த இலங்கைத் தமிழ்ச் சுழல் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் டெஸ்டில் அவர் எறிவதாகக் கூறி நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாதது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் நடந்த சோதனைகள், எறிவதுபோலத் தெரிவது கண் மயக்கமே என்று கூறின. தோள் சுழலும்போது, மாறாத கோணத்தில் மடங்கிய கையும் ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கணம் மடங்கியும் மறுகணம் நீண்டும் தோன்றும். திடலின் நடுவில் நிற்பவருக்கும் தொலைக்காட்சி கேமராவுக்கும் கிடைப்பது அந்த ஒரு பக்கத் தோற்றம் மட்டுமே.

ஆய்வகத்தில் வீரரின் தோள், மேற்கை, முன்கை, மணிக்கட்டு ஆகியவற்றில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் உள்ள அகச்சிவப்புக் கேமராக்கள் நொடிக்குச் சில நூறு படங்கள் எடுக்கும். மேற்கையையும் முன்கையையும் வளையாத இரு துண்டுகளாகக் கொண்டு, அவற்றிடையே மடக்கம், பக்கச்சாய்வு, முறுக்கம் ஆகிய மூன்றையும் கணினி தனித்தனியே பிரிக்கும். மேற்கை கிடைமட்டத்தை எட்டுவது முதல் பந்து கையை விட்டுப் போகும் வரையிலான நிமிர்வே கணக்கில் வரும். நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத பொழுது அது. முழங்கை நேர்கோட்டைத் தாண்டிப் பின்னோக்கி வளைவது இதில் சேராது. முழங்கையின் சுழல் அச்சைச் சற்றுத் தவறாகக் குறித்தாலும் முறுக்கம் மடக்கமாகக் கணக்கில் ஏறிவிடும். தோல் எலும்பின்மேல் வழுக்குவதும் பிழை தரும். முடிவின் நம்பகம், கேமராவின் வேகத்தைவிட இந்த அச்சைக் கண்டறிவதையே அதிகம் சார்ந்திருக்கிறது.

2004இல் முரளிதரனின் தூஸ்ரா என்ற சுழல் பந்து வகை மீது புகார் எழுந்தது. சோதனையில் நிமிர்வு சுமார் 14 பாகை. திருத்தப் பயிற்சிக்குப் பின் சுமார் 10. அப்போது சுழல் பந்துவீச்சாளருக்கு அனுமதி 5 பாகை, வேகப் பந்துவீச்சாளருக்கு 10. ஆனால் பிற வீரர்களையும் அளந்தபோது, எவரும் சந்தேகிக்காத பலரின் கையும் நிமிர்வது தெரியவந்தது. பழைய வரம்புகள் அளவீட்டின் மேல் எழுந்தவை அல்ல. 2005 மார்ச்சில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) அனைவருக்கும் 15 பாகை என்ற ஒரே வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒருவருக்காக விதி வளைக்கப்பட்டது என்ற பேச்சு இன்றும் கேட்கிறது, அது நியாயமற்றது. அளந்து பார்த்ததும் பழைய விதியே பெரும்பாலோரைக் குற்றவாளிகளாக்கியது.

அளப்பதோடு நில்லாமல், நடக்காத அசைவையும் கணினியில் நடத்திப் பார்க்கலாம். ஆய்வாளர்கள் மார்ஷல், ஃபெர்டினாண்ட்ஸ் இருவரும் 2003இல் வெளியிட்ட மாதிரி ஆய்வின்படி, முழங்கை நிமிராமல் மடங்கியே இருந்தாலும், மேற்கையின் உட்சுழற்சியால் பந்தின் வேகம் கூட முடியும். நிமிராத கையால் ஆதாயமே இல்லை என்ற நம்பிக்கையை இது அசைத்தது.

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக மையமும் ஐசிசி அங்கீகாரம் பெற்றது. பாகிஸ்தான் சுழல் பந்துவீச்சாளர் சயீத் அஜ்மல், தன் பந்துவீச்சு முறைக்காக விதிக்கப்பட்ட தடைக்குப் பின் 2015இல் மறுசோதனைக்கு வந்தது இங்குதான். ஆய்வகத்தில் வீசும் அதே கை, ஆட்டத்தின் நெருக்கடியில் அப்படியே வீசுகிறதா என்பதை உறுதிசெய்ய, ஆய்வகப் பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் ஆட்டப் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். கையில் அணியும் சிறு உணரிகளைக் கொண்டு திடலிலேயே அளக்கும் முயற்சிகளும் நடந்துவருகின்றன.