‘அஞ்சு நாள் மாத்திரைதானே!’ - வீசிங்குக்கு ஸ்டீராய்டு எடுக்கிறீங்களா... ஒரு நிமிஷம்!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் போய் ‘மருந்து’ன்னு சொல்லிப் பாருங்க. யாருக்கும் மாத்திரை ஞாபகம் வராது. அங்கே மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் அளவோடு கலக்க வேண்டும். அளவு தப்பினால் என்ன ஆகும் என்று அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா, ‘நெஞ்சு இழுக்குது’ன்னு மெடிக்கலில் வாங்கி விழுங்குகிற குட்டி மாத்திரைக்கும் அதே மாதிரி ஒரு அளவுக் கணக்கு இருக்கு. அந்தக் கணக்கை மட்டும் நம்மில் யாரும் வெச்சுக்கிறதில்லை.

அந்த மாத்திரை பெரும்பாலும் பிரெட்னிசோலோன். வைசலோன், ஓம்னாகார்டில் என்ற பெயர்களில் பார்த்திருப்பீங்க. மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் எல்லாம் இதன் சொந்தக்காரங்க. ‘ஜிம்ல போடுறாங்களே, அந்த ஸ்டீராய்டா?’ன்னு கேட்டா, இல்லை. அது தசையை வளர்க்கிற வேறு குடும்பம். இது, நம் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் சுரக்கிற கார்ட்டிசால் ஹார்மோனின் வகை. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்கிறது. அந்த வீக்கத்தை வற்ற வைப்பதுதான் இதன் வேலை.

வீக்கத்தைக் கிளப்பிவிடப் பட்டாசுப் பகுதியில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தூசி, மழைக்காலச் சளி, போதாததற்குக் கந்தகம் எரிந்தால் வரும் சல்ஃபர் டை ஆக்ஸைடு. ஆஸ்துமா இருப்பவர்களின் மூச்சுக்குழாயை இது சட்டென்று சுருக்கிவிடும். 2015-ல் டெல்லியில் மூன்று குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பட்டாசு வழக்கே நுரையீரலைப் பற்றியதுதான். அதில் 2018 அக்டோபர் 23-ல் வந்த தீர்ப்பு பேரியம் உப்புக்குத் தடை போட்டது, பசுமைப் பட்டாசுக்கு வழி செய்தது. தமிழ்நாட்டில் காலை 6 - 7, இரவு 7 - 8 என்று நேரம் பிரிந்தது அதற்குப் பிறகுதான். பசுமைப் பட்டாசில் புகைத்துகள் சுமார் 30% குறைவு என்கிறார்கள். மீதி 70% இருக்குன்னுதான் வீசிங் பார்ட்டிகள் அதைப் படிக்கணும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். முதலிலேயே சொல்லிடறேன், இதைப் படிச்சுட்டு டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டை யாரும் பாதியில் நிறுத்திடாதீங்க. கடுமையான இழுப்பில் இது உயிர் காக்கிற மருந்து. பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 40-50 மி.கி, 5 முதல் 7 நாள். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டு 3 முதல் 5 நாள். அதனால அப்பாவோட மிச்ச மாத்திரையை உடைச்சுப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. உள்ளே போனதும் வேலை செய்யாது, நாலு மணி நேரமாவது ஆகும். அதுவரை காப்பாற்றுவது சால்பூட்டமால் இன்ஹேலரோ, நெபுலைசரோதான். ‘ஊசி போட்டாத்தான் கேட்கும் டாக்டர்’ என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: மாத்திரையை விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், ஊசிக்கு நிகராகவே மாத்திரையும் வேலை செய்யும்.

ராத்திரி ரெண்டரை மணிக்கு அலமாரி அடுக்கினேன்!

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ எனக்கே அஞ்சு நாள் கோர்ஸ் எழுதினாங்க. இரண்டாம் நாள் ராத்திரி ரெண்டரை மணிக்கு அலமாரியைக் கலைத்துப்போட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். தூக்கம் துளிகூட இல்லை. வழக்கமா ரெண்டு எண்ணெய் பரோட்டாவோடு எழுந்திருக்கிறவ, அன்னைக்கு அஞ்சு சாப்பிட்டேன். காரணமே இல்லாம அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன். மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டதுதான் நான் செய்த தப்பு. ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று எழுதியிருந்தால், காலை டிபனுக்குப் பிறகு போடுவது நல்லது. தூக்கமும் கெடாது, வயிற்று எரிச்சலும் குறையும்.

தூக்கமின்மை, அகோரப் பசி, முன்கோபம், நெஞ்செரிச்சல், லேசான முக வீக்கம், முகப்பரு, சிலருக்குப் பீரியட்ஸ் தள்ளிப்போவது எல்லாம் பெரும்பாலும் கோர்ஸ் முடிந்ததும் அடங்கிவிடும். குழந்தைகள் அந்த அஞ்சு நாளும் வீட்டையே தலைகீழாக்குவார்கள். அடிக்காதீங்க, அது மாத்திரையோட சேட்டை.

சர்க்கரை விஷயம் அப்படி லேசானது அல்ல. காலையில் போட்ட ஸ்டீராய்டு, மதியத்துக்கு மேல்தான் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றில் பார்த்தால் நார்மலாகவே இருக்கலாம். அதை நம்பி ஏமாந்துடாதீங்க. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கணும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை வந்தது ஞாபகம் இருக்கா? கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் ஒன்று சேர்ந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று, அம்மை. கோடை வந்தால் நம்ம பக்கம் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும், டாக்டரிடம் போகவே மாட்டார்கள். முன்பு அம்மை வராதவர், தடுப்பூசியும் போடாதவர், ஸ்டீராய்டு எடுக்கும்போது அம்மை கண்டவரோடு பழகியிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எதிர்ப்புசக்தி குறைந்திருக்கும் நேரத்தில் அம்மை ஆபத்தாக மாறலாம். வேப்பிலை இருக்கட்டும், டாக்டரும் இருக்கட்டும்.

‘சில நாள்தானே’ என்ற நம்பிக்கையை அசைத்துப்பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அமெரிக்காவில் 15 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். மூன்று வருடங்களில் ஐந்தில் ஒருவர் குறுகிய கால ஸ்டீராய்டு எடுத்திருந்தார். எடுத்த முதல் 30 நாளில் ரத்தத்தில் தொற்று பரவி மருத்துவமனையில் சேர்வது சுமார் 5 மடங்கு, ரத்தக்குழாயில் கட்டி அடைப்பது 3 மடங்கு, எலும்பு முறிவு கிட்டத்தட்ட 2 மடங்கு கூடியிருந்தது. பயப்பட வேண்டாம், இவை அரிதாக வருபவை. மடங்கு கூடினாலும் எண்ணிக்கை குறைவுதான். ஆனால், அதில் பலர் எடுத்தது சாதாரணத் தொண்டைத் தொற்றுக்கும் முதுகுவலிக்கும் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

செட் மாத்திரையும் கூட்டல் கணக்கும்

நம்ம ஊரிலும் அதேதான். ‘அண்ணே, இளைப்புக்கு ஒரு செட் குடுங்க’ன்னு கேட்டா, சின்னக் கவரில் நாலு கலரில் மாத்திரை வரும். ராத்திரியே மூச்சு லேசாகும். மறுநாள் லீவு போடாம வேலைக்குப் போயிடலாம். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளியில இருந்து சொல்றது ஈஸி. ஆனா அந்தக் கவரில் ஸ்டீராய்டு இருந்தாலும் பெயர் இருக்காது. கூடவே வலி மாத்திரையும் இருந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு வலி மாத்திரையே இழுப்பை வரவழைக்கும். இத்தனைக்கும் பிரெட்னிசோலோன், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து.

இப்போ கணக்கு. 40 மி.கி, 5 நாள் என்றால் 200 மி.கி. வருஷத்துக்கு மூணு கோர்ஸ்னா 600 மி.கி. இரண்டு வருஷத்தில் 1 கிராமைத் தாண்டிடும். பிரிட்டனில் ஆஸ்துமா நோயாளிகளை வைத்து 2018-ல் வந்த ஆய்வு, வாழ்நாள் மொத்தம் 500 மி.கி - 1 கிராம் அளவிலேயே சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானம், கண்புரை போன்ற சில பாதிப்புகளின் வாய்ப்பு கூட ஆரம்பிப்பதைக் காட்டியது. அதாவது, ஏறக்குறைய நாலு கோர்ஸ். தனித்தனியா ஒவ்வொண்ணும் அஞ்சு நாள்தான்... உடம்பு கூட்டிக்கொண்டே வருகிறது.

‘இன்ஹேலர் எடுத்தா பழகிடும்’னு பயந்து மாத்திரைக்குப் போறவங்க இதையும் பாருங்க. ஸ்டீராய்டு இன்ஹேலரில் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் இழுத்தால், 200 மி.கி சேர 500 நாள் ஆகும். இரண்டும் வேறு வேறு மருந்து, அதனால இது துல்லியமான ஒப்பீடு இல்லை. ஆனால் எது உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, எது நுரையீரலோடு பெரும்பாலும் நிற்கிறது என்று புரியும். வருஷத்துக்கு இரண்டாவது கோர்ஸ் வந்தாலே, தினசரி இன்ஹேலர் சரியா இருக்கா, சரியா இழுக்கிறேனான்னு டாக்டரிடம் கேட்கணும். இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க மறக்காதீங்க, இல்லைன்னா நாக்கில் பூஞ்சை படியும்.

கறுப்பாக மலம் போவது, குளிரோடு காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, பார்வை மங்குவது, மனம் ரொம்பக் குழம்புவது... இதெல்லாம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போயிடுங்க. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் 108. இரண்டு வாரத்துக்குள் முடிகிற கோர்ஸை வழக்கமாகப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் நீங்களாக நிறுத்தக் கூடாது.

தேதி, மாத்திரை பெயர், எத்தனை மி.கி, எத்தனை நாள். இதை போனில் நோட்ஸ் ஆப்பில் எழுதி வெச்சு, எந்த டாக்டரைப் பார்த்தாலும் காட்டுங்க. என் போனில் இப்போ ரெண்டு வரி இருக்கு. அதுக்கு முன்னாடி எத்தனை எடுத்தேன்னு அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை.