சூதும் திறமையும்: காஞ்சிபுரத்திலிருந்து சில குறிப்புகள்

தமிழில் 'சூது' என்ற சொல்லுக்குள் இரண்டு அர்த்தங்கள் குடியிருக்கின்றன. ஒன்று, பணயம் வைத்து ஆடும் ஆட்டம். இன்னொன்று, தந்திரம். 'சூதுவாது தெரியாதவன்' என்று சொல்லும்போது நாம் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பழந்தமிழில் 'வல்' என்றால் சூதாடு கருவி. தொல்காப்பியம் இந்தச் சொல்லுக்குப் புணர்ச்சி விதியே சொல்கிறது. 'வல்லவன்' என்ற சொல்லும் இதே ஒலியோடு பக்கத்தில் நிற்கிறது. ஆட்டம், தந்திரம், வல்லமை ஆகியவற்றை மொழி ஒரே முற்றத்தில் விட்டுவைத்திருக்கிறது. இவற்றுக்கு நடுவே சுவர் எழுப்பியது சட்டம். ஒரு பக்கம் 'திறமை', மறுபக்கம் 'அதிர்ஷ்டம்'. திறமை என்றால் தொழில், அதிர்ஷ்டம் என்றால் குற்றம். இந்தச் சுவர் எப்போது எழுந்தது, யாருடைய வீட்டை உள்ளே வைத்து யாருடைய வீட்டை வெளியே தள்ளியது என்பதுதான் என் கேள்வி. கணினியிலும் கைபேசியிலும் நடந்த போக்கர் போட்டிகளைப் பற்றி யோசிக்கப்போய் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டமும், 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் காலனி அரசு நமக்குப் போட்டுக் கொடுத்தவை. இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு: வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களை இவை தொடாது. சுதந்திரத்துக்குப் பிறகு 1957இல், சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சூதாட்டம் வணிகமே அல்ல, அதற்கு அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் தொழில் உரிமை கிடையாது, ஆனால் திறமை மேலோங்கிய போட்டிகளுக்கு அந்த உரிமை உண்டு என்றது. 1967இல் செகந்தராபாத்தின் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதை எறிவது என்று தேர வேண்டும், எனவே ரம்மி பிரதானமாகத் திறமை ஆட்டம் என்று தீர்ப்பானது. 1996இல் குதிரைப் பந்தயமும் அப்படியே. தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டம் அந்தத் தீர்ப்பில் வீழ்ந்தது. குதிரையின் வம்சம், ஜாக்கியின் தேர்ச்சி, பயிற்சி எல்லாவற்றையும் கணித்துப் பணம் கட்டுவது திறமையாம்.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். கிளப், பந்தய மைதானம் என்று திறமை தொடர்ந்து நாற்காலி போட்ட இடங்களிலேயே கண்டுபிடிக்கப்படுகிறது. ஏரிக்கரையில் துண்டை விரித்து மூணு சீட்டு ஆடுகிறவனிடமோ, சேவலுக்குக் கத்தி கட்டுகிறவனிடமோ அது கண்டுபிடிக்கப்படவில்லை. 'பணம் வைத்துச் சூதாடிய ஆறு பேர் கைது' என்ற செய்தியில் வருகிறவர்களுக்குத் திறமை இருந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. சேவலின் வம்சம் தெரியாமலா ஒருத்தன் அதை வளர்க்கிறான்? ஆக, 'திறமை' என்பது ஆட்டத்தின் உள்ளே இருக்கும் குணம் மட்டுமல்ல. யார் ஆடினார்கள் என்பதைப் பொறுத்து வழங்கப்படும் பட்டமும்கூட.

அதிர்ஷ்டத்துக்கு எப்போதுமே இப்படி இழிவான பெயர் இருந்ததில்லை. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அதற்குச் சாட்சி கல்லில் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். 30 குடும்புகள், ஓலையில் பெயர், குடத்துக்குள் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். இதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று பேசாத மேடை கிடையாது. குடத்துக்குள் யாருடைய ஓலை விழுந்தது? வரி செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அது ஒரு பிரம்மதேயம். சொத்து, சாதி, கல்வி என்ற மூன்று சல்லடைகளில் சலித்து முடித்த பிறகே அதிர்ஷ்டம் உள்ளே அனுமதிக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு அது நேர்மையான அதிர்ஷ்டம்தான். வெளியே இருந்தவர்களுக்குக் குலுக்கலே கிடையாது.

ஆயிரம் வருஷம் கழித்து அதே வட்டாரத்திலிருந்து இன்னொரு குலுக்கல் வந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968இல், தமிழக அரசின் பரிசுச்சீட்டு தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. உத்திரமேரூர்க் குடத்துக்கு எதிரிடையான குடம் இது. நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், சீட்டு வாங்கக் காசு இருந்தால் போதும். எல்லோரையும் உள்ளே விட்டதில் ஒரு சமத்துவ வாசனை இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் இல்லாதவர்களின் சில்லறையில் கஜானாவை நிரப்பும் ஏற்பாடும் அதுவே. கருணாநிதி ஆட்சி 1975இல் அதை நிறுத்தியது, எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்ப வந்தது, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரி விற்பனையையே தடை செய்தது. திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தில் 'கழகம்' என்ற சொல்லுக்குச் சூதாடும் இடம் என்று பொருள். தமிழ் படித்தவர்கள் இதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். கிண்டல் போகட்டும். இந்த 35 வருஷ வரலாற்றில் அரசு ஒரே சமயத்தில் ஆட்டக்காரனாகவும் ஒழுக்க போதகனாகவும் இருந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இனி போக்கர். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், நூறு டாலருக்கும் குறைவான ஒரு இணையப் போட்டியில் வென்று, அதன் வழியாக லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய், 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதற்குப் பிறகு 'யாரும் ஜெயிக்கலாம்' என்பது இந்த ஆட்டத்தின் வேதமாகிவிட்டது. நம் ஊரிலும் ஸ்மார்ட்போனும் மலிவு டேட்டாவும் வந்த பிறகு அதே வேதம் ஓதப்பட்டது.

கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, 1000 பேர் தலைக்கு 550 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 பரிசுத் தொகைக்கு, 50 கம்பெனிக்கு. ஐந்து லட்சம் பரிசு. அதை 150 பேருக்குப் பிரிக்கிறார்கள். கடைசியில் இருப்பவருக்குக் கட்டியதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, முதல் ஆளுக்கு முக்கால் லட்சத்துக்கு மேல். மிச்சம் 850 பேர் வெறுங்கையோடு எழுந்து போகிறார்கள். கம்பெனிக்கு 50 ஆயிரம். அந்த 50 ஆயிரத்துக்கு எந்தச் சீட்டும் விழ வேண்டியதில்லை. 1967 தீர்ப்பில் பலரும் மேற்கோள் காட்டாமல் தாண்டிப்போகும் ஒரு வரி உண்டு: பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துக்குச் சொந்தக்காரர் லாபம் எடுத்தால் குற்றமாகலாம். திறமை பற்றிய வாக்கியம் பிரபலமாயிற்று. லாபம் பற்றிய வாக்கியம் நூலகத்தில் தூங்கிற்று.

போக்கரில் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. நிச்சயம் இருக்கிறது. எதிராளியின் கையைப் படிப்பது, வாய்ப்புகளைக் கணக்கிடுவது, கட்டாயப் பந்தயமான 'பிளைண்ட்' ஏற ஏற எப்போது துணிவது எப்போது ஒதுங்குவது என்று தெரிவது, எல்லாம் கற்றுத் தேற வேண்டியவை. ஆனால் அந்தத் திறமை எப்போது பலன் தருகிறது? இரண்டு ஏஸ் கையில் வைத்து எல்லாவற்றையும் கட்டினாலும், இரண்டு ராஜா வைத்திருப்பவரிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை தோற்றாக வேண்டும். ஐந்து போட்டிக்கு ஒன்றில் பரிசு தொடும் கெட்டிக்கார ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் தொடர்ந்து பத்துப் போட்டிகளில் ஒன்றுமில்லாமல் எழும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு மேல். எனவே தொழில்முறை ஆட்டக்காரர்கள் நூறு போட்டிகளுக்காவது தாங்கும் முதலை ஒதுக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். 'நீண்டகாலத்தில் திறமை ஜெயிக்கும்' என்பது அவர்கள் சொல்வது. சரிதான். ஆனால் நீண்டகாலம் என்பது இனாமாகக் கிடைப்பதல்ல. அதை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் மகன் இரண்டு வருஷம் இரவெல்லாம் ஆடியவர். அவர் சொன்னார்: "தோத்தா சீட்டு சரியில்லன்னு தோணும்ணே. ஜெயிச்சா நாமதான் ஜெயிச்சோம்னு தோணும். நாப்பதாயிரம் வந்த அன்னிக்கு தெருவுல நடக்கவே வேற மாதிரி இருந்துச்சு. அது பதினோரு நாள்ல போச்சு. போனப்பதான், பத்தாவது ஆட்டத்தோட என் திறமைக்குக் காசு தீந்துபோச்சுன்னு புரிஞ்சுது." எந்த நீதிமன்றத் தீர்ப்பும் விஷயத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை. திறமைக்குக் காசு தீர்ந்துபோகும். முதல் உள்ளவனுக்கு இறக்கம் வெறும் இறக்கம். முதல் இல்லாதவனுக்கு அதுதான் முடிவு. ஒரே மேசை, ஒரே சீட்டுக்கட்டு, ஒரே விதி. இருந்தும் இருவர் ஆடுவது ஒரே ஆட்டம் அல்ல.

காஞ்சிபுரம் சூதில் தோற்றவர்களை அறியாத ஊர் இல்லை. தோற்றுக் காடு போய் வந்தவர்களுக்காகத் தூது நடந்த கண்ணன், பாண்டவதூதப் பெருமாளாகப் பேருருவில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. சுற்றுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து இருக்கும், சூது ஆடும் கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை நாம் தருமனின் ஒழுக்கக் கேடாகவோ சகுனியின் வஞ்சகமாகவோ மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். காயை உருட்டியது சகுனி, பணயத்தை வைத்தது துரியோதனன். திறமை ஒருவனுடையது, முதல் இன்னொருவனுடையது. போக்கர் உலகில் இதற்குப் பெயரே இருக்கிறது, 'ஸ்டேக்கிங்'. முதலாளி நுழைவுப் பணம் கட்டுவார், ஆட்டக்காரர் ஆடுவார், லாபத்தில் பங்கு. நஷ்டம் வந்தால் அது கணக்கில் ஏறும். அடுத்த ஜெயிப்புகளில் அந்தப் பழைய நஷ்டம் முழுக்கக் கழிந்த பிறகே ஆட்டக்காரர் கைக்குக் காசு வரும்.

இதைக் கேட்டவுடன் எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் புதிதாக ஒன்றும் தோன்றாது. பட்டுத் தறியில் முன்பணம் என்பது இதுதானே! பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியுடையவை. கைவேலை நெசவாளருடையது. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கிய முன்பணம் கணக்கில் ஏறும். அது தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. கடனுக்குப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்த வரலாறும் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று நாடா ஓட்டிக் கோர்வை போடுவதைவிடத் திறமையான வேலை எது? அந்தத் திறமைக்கு உரிமை என்ற பட்டத்தை யார் வழங்கினார்கள்? 2005-06இல் புவிசார் குறியீடு சேலைக்குக் கிடைத்தது. மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் கூலி இல்லை என்ற நிலைமைக்கு எந்தக் குறியீடும் இல்லை.

வால்டர் பெஞ்சமின், போதலேர் பற்றிய 1939ஆம் ஆண்டுக் கட்டுரையில், சூதாடியின் கையசைவையும் இயந்திரத் தொழிலாளியின் கையசைவையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். இரண்டிலும் ஒவ்வொரு அசைவும் முந்தியதோடு தொடர்பற்றது, ஒவ்வொன்றும் புதிதாகத் தொடங்குகிறது, எதுவும் சேர்வதில்லை. தறி அப்படியல்ல. ஓர் இழை முந்தைய இழையின் மேல் உட்காருகிறது, பத்து இருபது நாளில் சேலை இறங்குகிறது. ஆனால் அந்தச் சேர்மானம் சேலையில் நிகழ்கிறது, நெசவாளர் வாழ்க்கையில் நிகழ்வதில்லை. அங்கே ஒவ்வொரு பாவும் புதிய கடன், மறுபடி முதலிலிருந்து. உழைப்பு எதையும் சேர்த்துத் தராத வீட்டில், ஒரே இரவில் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் திரைக்கு முன்னால் பையன் உட்கார்வதைப் 'பேராசை' என்று வைவது சுலபம். அது விமர்சனம் ஆகாது.

அரசு என்ன செய்தது? 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021இல் சட்டம். அதே வருஷம் ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் நீதிபதி சந்துரு குழு, புதிய மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல். அதே நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இடையில் 2023 அக்டோபரிலிருந்து கட்டும் தொகை முழுவதன் மீதும் 28 சதவீத ஜி.எஸ்.டி. அரசும் மேசையில் உட்கார்ந்துவிட்டது, தோற்கவே முடியாத இடத்தில். கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டுமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்றது. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை. 137 வருஷச் சுவரை இணையத்தில் மட்டும் ஒரே வரியில் இடித்தாயிற்று.

தடையை நான் எதிர்க்கவில்லை. கடனில் தூக்கு மாட்டிக்கொண்டவர்களின் செய்திகளைப் படித்த பிறகு, தனிமனித சுதந்திரம் பேசிக் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க மனம் வரவில்லை. ஆனால் தடையோடு விஷயம் முடிந்தது என்று தோழர்கள் நினைத்தால் அதை ஏற்கமாட்டேன். திறமை எதிர் அதிர்ஷ்டம் என்ற சொல்லாடல் ஒரு நூற்றாண்டாக மறைத்துவைத்த மூன்றாவது சொல் 'முதல்'. பத்து முறை விழுந்து பதினோராம் முறை எழ யாருக்கு வசதி இருக்கிறது என்பதே அது எழுப்பும் கேள்வி. திரையிலிருந்து போக்கர் போனாலும் அந்தக் கேள்வி போகவில்லை. அது பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிகளில், மழைக்கால நிவாரணத்தில், முன்பணக் கணக்கு நோட்டுகளில் அப்படியே கிடக்கிறது. விவாதத்தை அங்கிருந்து தொடரலாம்.