கட்டு அவிழ்ந்த பிறகு...

அடிக்கிற, கடிக்கிற, தன் தலையையே சுவரில் மோதிக்கொள்கிற ஒரு நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது? "அன்பாகத்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்த அடியை வாங்குகிற ஊழியர் அன்பாக இருக்க வேண்டுமென்றால், அவருக்கு என்ன தேவை? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 200 வருட வரலாறு இருக்கிறது.

கதை ஆரம்பிப்பது இங்கிலாந்தின் லிங்கன் நகரில். அங்கிருந்த மனநோயாளர் விடுதியிலும், அந்தக் காலத்து மற்ற விடுதிகளைப் போலவே, கைவிலங்கு, தோல் பட்டை, கையை அசைக்கவிடாத சட்டை எல்லாம் சர்வசாதாரணம். 1829இல் வில்லியம் ஸ்க்ரிவிங்கர் என்ற நோயாளிக்கு அந்தச் சட்டையை மாட்டி, கட்டிலோடு சேர்த்துக் கட்டி, இரவில் தனியாக விட்டுவிட்டார்கள். அவர் இறந்துபோனார்.

அதன் பிறகு விடுதியில் ஒரு விதி வந்தது. இரவில் யாரையாவது கட்டிப்போட்டால், ஓர் ஊழியர் அந்த அறையிலேயே கூட இருக்க வேண்டும். சின்ன விதிதான். ஆனால் அதன் விளைவு யாரும் எதிர்பாராதது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது, பல பேரைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்துபோனது! அதாவது, கட்டியது நோயாளியின் மூர்க்கத்தால் மட்டும் அல்ல, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததாலும்தான்.

அந்த விடுதியின் மருத்துவர் எட்வர்ட் சார்ல்ஸ்வொர்த் கட்டுகளைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1835இல் வேலைக்குச் சேர்ந்த ராபர்ட் கார்டினர் ஹில் என்ற இளம் மருத்துவர் அதை முழுமையாக்கினார். யாரை, எத்தனை மணி நேரம் கட்டிவைத்தார்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் இருந்ததால் கணக்கு நமக்குக் கிடைக்கிறது. 1830இல் இருந்த 92 நோயாளிகளில் 54 பேர் கட்டப்பட்டார்கள், மொத்தம் 27,000 மணி நேரத்துக்கும் மேல். 1837இல் 130 நோயாளிகளில் 2 பேர், வெறும் 28 மணி நேரம். 1838இல் யாரையும் கட்டவில்லை.

இதற்கு ஹில் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. கருணை மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. போதுமான எண்ணிக்கையில் திடமான ஊழியர்கள், இரவும் பகலும் இடைவிடாத கவனிப்பு, தகுந்த கட்டடம் எல்லாம் வேண்டும் என்றார். ஆனால் அவருக்கே ஆதரவு இல்லாமல் போனது. எதிர்ப்புகளுக்கு நடுவே 1840இல் பதவி விலகினார்.

லிங்கனை நேரில் போய்ப் பார்த்த ஜான் கனோலி, 1839இல் லண்டனுக்கு அருகில் ஹான்வெல் விடுதியின் பொறுப்பை ஏற்றார். அங்கே ஏறக்குறைய 800 நோயாளிகள். சில மாதங்களுக்குள் கட்டிவைக்கும் நாற்காலி, பட்டை எல்லாவற்றையும் ஒழித்தார். ஊழியர்கள்தான் தன் வைத்தியத்தின் முக்கியமான கருவி என்று நம்பினார். அவர்களை நல்லபடியாக நடத்த வேண்டும், நல்ல சம்பளம் தர வேண்டும் என்று வாதாடினார். (கட்டுக்குப் பதிலாக மெத்தை வைத்த தனியறையை அவர் பயன்படுத்தியதும் உண்மை. அதுவும் ஒரு வகைச் சிறைதானே என்று அப்போதே சிலர் கேட்டார்கள்.)

இனி 20ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். நடத்தைச் சிகிச்சை என்ற துறை வளர்ந்த காலம். அதன் ஆரம்ப வரலாறு அவ்வளவு அழகானது இல்லை. 1960களில் கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சிகூடக் கொடுத்தார். 1982இல் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் வேறு கேள்வி கேட்டார்கள்: "இதை எப்படி நிறுத்துவது என்பது இருக்கட்டும், இந்தக் குழந்தை ஏன் இப்படிச் செய்கிறது?" ஒரு குழந்தைக்கு யாராவது கவனிக்க வேண்டும், இன்னொன்றுக்குக் கொடுத்த வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும். காரணம் ஆளுக்கு ஆள் வேறு. 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் ஒரு படி மேலே போனார்கள். அடிப்பதற்குப் பதிலாக "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தொல்லை குறைந்தது.

இங்கேதான் நம் முதல் கேள்வி திரும்ப வருகிறது. அடித்தால் கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று கிடைக்காமல் போனால், அந்த நடத்தை முதலில் இன்னும் அதிகமாகலாம், பிறகுதான் குறையும். அந்த முதல் நாட்களின் அடி சிகிச்சையாளர் மேல்தான் விழுகிறது. தனியாக, களைத்துப்போய், பயந்துபோய் நிற்கும் ஒருவர் பழைய பட்டையைத் தேடுவதில் என்ன ஆச்சரியம்?

இதைப் புரிந்துகொண்டுதான் 2000களில் அமெரிக்காவில் கெவின் ஆன் ஹக்ஸ்ஹார்ன் 'ஆறு அடிப்படை உத்திகள்' என்ற திட்டத்தை வகுத்தார். அதில் தலைமையின் பொறுப்பு, ஊழியர் பயிற்சி, பதிவேட்டுக் கணக்கு எல்லாம் உண்டு. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் எல்லோரும் உட்கார்ந்து, என்ன நடந்தது, அடுத்த முறை எப்படித் தவிர்க்கலாம் என்று பேசுவதும் உண்டு. யார் மேல் பழி போடலாம் என்று தேடும் பேச்சு அல்ல அது. பதிவேடும் கூட ஆள் இருப்பதும் லிங்கனிலேயே பார்த்தவைதானே!

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஸ்க்ரிவிங்கர் இறந்து 172 வருடங்கள் கழித்து! 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது.

சட்டம் சங்கிலியை அவிழ்க்கும். அவிழ்த்த பிறகு அந்த நோயாளியின் பக்கத்தில் இரவு முழுவதும் உட்காரப்போகிறவர் ஒரு மனிதர். அவருக்குத் தூக்கம், சம்பளம், பயிற்சி, மாற்று ஆள், அடிபட்ட நாளில் "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்க ஒருவர்... இவற்றை யார் தரப்போகிறார்கள்? லிங்கன் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.