மக்களின் மகிழ்ச்சி: கரிஞ்சாவின் மறைவும் நினைவும்

மனிதனுக்குப் பூதவுடல் ஒன்று, புகழுடல் மற்றொன்று என்று நம் முன்னோர் பிரித்துக் கூறினர். பூதவுடல் அழிந்த பின்னரும் புகழுடல் நிலைத்து நிற்கும் என்பது அவர்தம் துணிபு. ஆயின் புகழுடலும் தானாக நிலைப்பதில்லை. அதனைப் பேணிக் காப்பதற்கும் மனிதர் வேண்டும். ஒருவரின் மறைவுக்காக ஒரு நாள் அழுவது எளிது. அவரை நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பதோ உழைப்பையும் பொறுப்பையும் வேண்டி நிற்பது. பிறேசில் நாட்டின் உதைபந்தாட்ட வீரர் கரிஞ்சாவின் வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது.

1933 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், றியோ டி ஜெனைரோ நகருக்கு வடக்கே மலையடிவாரத்திலுள்ள பாவ் கிராண்டே என்னும் சிற்றூரில் மனுவேல் பிரான்சிஸ்கோ டொஸ் சந்தோஸ் பிறந்தார். ஆங்கிலேயர் நடத்திய நெசவாலை ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. ஊரவரின் வேலை, வீடு, விளையாட்டு அனைத்தும் அவ்வாலையைச் சார்ந்தனவாகவே இருந்தன. சிறுவனின் மெலிந்த உருவைக் கண்ட தமக்கை, அப்பகுதியிற் காணப்படும் சின்னஞ்சிறு பறவை ஒன்றின் பெயரால் அவனைக் 'கரிஞ்சா' என்று அழைத்தார். அப்பெயரே பின்னர் உலகறிந்த பெயராயிற்று. அவருடைய கால்கள் பிறவியிலேயே வளைந்தவை. வலது கால் உட்புறமாகவும் இடது கால் வெளிப்புறமாகவும் வளைந்திருந்தன. ஒன்று மற்றையதிலும் நீளம் குறைந்தது. இவன் நேராக நடப்பதே அரிது என்று எண்ணத்தக்க அக்கால்கள் பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களை நிலைகுலையச் செய்தன.

பதினான்காம் வயதில் அவர் அந்நெசவாலையிலேயே தொழிலாளியானார். வேலையில் ஊக்கமற்றிருந்தும், ஆலையின் உதைபந்தாட்ட அணிக்கு அவர் இன்றியமையாதவராக விளங்கினார். 1953 இல் றியோவின் பொட்டபோகோ கழகம் அவரைத் தேர்வாட்டத்துக்கு அழைத்தது. அன்று அவரை எதிர்த்து நின்றவர், ஏற்கெனவே தேசிய அணியில் இடம்பெற்றிருந்த நில்டன் சந்தோஸ். வளைந்த கால்களையுடைய இந்தப் புதியவர் அவ்வீரரின் கால்களுக்கிடையே பந்தைச் செலுத்தி அவரைக் கடந்து சென்றார். நில்டன் சந்தோஸ் சினங்கொள்ளவில்லை. இவரைக் கழகத்தில் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். இனி இவரை எதிரியாகச் சந்திப்பதிலும் தோழராகக் கொள்வது நன்று என்பதே அவர் கருத்து. அன்று தொடங்கிய நட்பு இறுதிவரை நீடித்தது.

கரிஞ்சாவின் ஆட்டத்தில் எத்தகைய புதுமை இருந்தது? வலது ஓரத்தில் பந்தை நிறுத்துவார். எதிரி அசைவற்று நிற்பான். இடப்புறம் போவது போல் உடலைச் சாய்ப்பார், பந்து அசையாது. மீண்டும் சாய்ப்பார். பின்னர் திடீரென வலப்புறமாகப் பாய்ந்து போய்விடுவார். எப்பக்கம் போவார் என்பது அரங்கிலிருந்த அனைவருக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். தெரிந்தும் தடுத்தல் இயலவில்லை. ஒருவரைக் கடந்த பின்னர், மீண்டும் கடக்கும் இன்பத்துக்காகவே அவருக்காகக் காத்து நிற்பதும் உண்டு. 1958 இல் மெக்சிக்கோ நகரில் ஆர்ஜென்டீனக் கழகம் ஒன்றுடன் பொட்டபோகோ ஆடியபோது, அவர் எதிரியை ஏமாற்றிய ஒவ்வொரு தடவையும், எருதுப் போரிற் கூவுவது போல் மக்கள் 'ஒலே' என ஆர்ப்பரித்தனர் என்றும், உதைபந்தாட்ட அரங்குகளில் அவ்வொலி தோன்றியது அன்றுதான் என்றும் கூறுவர். வெற்றிக்காக மட்டுமன்றிச் சிரிப்புக்காகவும் மக்கள் அரங்கை நாடி வந்தனர்.

அவ்வாண்டே சுவீடனில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. அணியுடன் சென்ற உளவியலாளர் நடத்திய பரிசோதனையில் கரிஞ்சா மிகக் குறைந்த புள்ளிகளையே பெற்றார். பெரும் போட்டிகளின் சுமையைத் தாங்க இவரால் இயலாது என்பது அவர் முடிபு. முதல் இரு ஆட்டங்களிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. யூன் 15 ஆம் திகதி சோவியத் அணிக்கு எதிராக அவரும் பதினேழு வயதுப் பெலேயும் முதன்முறையாகக் களமிறக்கப்பட்டனர். ஆட்டம் தொடங்கியதும் கரிஞ்சா உதைத்த பந்து கம்பத்தில் மோதிற்று. அடுத்துப் பெலேயின் பந்தும் கோற்சட்டத்தில் மோதிற்று. மூன்றாம் நிமிடத்தில் வாவா கோல் ஒன்றைப் பெற்றார். உதைபந்தாட்ட வரலாற்றின் மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் என அவை இன்றும் போற்றப்படுகின்றன. இறுதி ஆட்டத்தில் சுவீடனை 5 - 2 என வென்று பிறேசில் முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. வாவா பெற்ற முதலிரு கோல்களுக்கும் வலது ஓரத்திலிருந்து பந்தைக் கொணர்ந்து கொடுத்தவர் கரிஞ்சாவே.

1962 இல் சிலி நாட்டில் நடைபெற்ற போட்டியை அவருடைய போட்டி என்றே கூறலாம். இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமுற்று விலகினார். அணியின் சுமை கரிஞ்சாவின் தோளில் விழுந்தது. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரு கோல்கள். அரையிறுதியில் சிலிக்கு எதிராக மேலும் இரு கோல்கள். அரையிறுதியில் எதிரி ஒருவரை உதைத்தமைக்காக மத்தியஸ்தர் அவரை வெளியேற்றினார். எனினும் இறுதி ஆட்டத்தில் ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. காய்ச்சலோடு அவர் ஆடிய அவ்வாட்டத்தில் செக்கோசிலோவாக்கியாவை 3 - 1 என வென்று பிறேசில் மீண்டும் உலகக் கிண்ணத்தைப் பெற்றது. பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்தாடிய 40 ஆட்டங்களில் பிறேசில் ஒன்றிலேனும் தோற்றதில்லை. கரிஞ்சா தேசிய அணியின் உடையில் தோல்வி கண்டது ஒரே ஒரு தடவை. அது 1966 இல் இங்கிலாந்தில் ஹங்கேரிக்கு எதிராக அவர் ஆடிய கடைசி ஆட்டம். பெலேயை மக்கள் 'அரசர்' என்றனர். கரிஞ்சாவையோ 'மக்களின் மகிழ்ச்சி' என்றனர். அரசரை வியந்து போற்றியவர்கள், கரிஞ்சாவைத் தம்முள் ஒருவராகவே கண்டனர்.

அம்மகிழ்ச்சியை வழங்கிய மனிதருக்கு மகிழ்ச்சி நிலைக்கவில்லை. பணத்தின் மதிப்பை அவர் அறியார். தொகை எழுதப்படாத வெற்று ஒப்பந்தங்களில் அவர் ஒப்பமிட்டதுண்டு. முழங்கால் தேய்ந்து வலித்தபோதும் ஊசி மருந்தேற்றி ஆடினார். அவர் ஆடினால் அன்றோ கழகத்தின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு நல்ல விலை கிடைக்கும்? பாடகி எல்சா சோவாரெஸ் மீது கொண்ட காதலால் மனைவியையும் எட்டுப் பெண் குழந்தைகளையும் பிரிந்தார். அக்காலச் சமூகம் அப்பழியின் பெரும்பகுதியை எல்சா மீதே சுமத்தியது. 1969 இல் கரிஞ்சா ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி எல்சாவின் தாய் உயிரிழந்தார். அத்துயரிலிருந்து அவர் மீளவேயில்லை. இளமை முதல் தொடர்ந்த மதுப்பழக்கம் அவரை முற்றாக விழுங்கலாயிற்று. அவருக்கு மது வழங்க வேண்டாம் என எல்சா மதுக்கடைகளில் மன்றாடினார். அத்தகைய எல்சாவையே குடிவெறியில் அவர் அடித்தார்; 1977 இல் இருவரும் பிரிந்தனர்.

இடையில் நாடு அவரை முற்றாக மறந்திருந்தது என்று கூறுதல் பொருந்தாது. 1973 டிசெம்பரில் மரக்கானா அரங்கில் அவருக்காக நடத்தப்பட்ட பிரியாவிடை ஆட்டத்துக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். அதன் வருவாய் அவருக்கும் பிள்ளைகளுக்கும் உதவிற்று. ஆயின் அன்புக்கு விழா எடுக்கத் தெரிந்தவர்கள் நோயாளியைப் பேணத் தெரியாதிருந்தனர். 1980 ஆம் ஆண்டுக் களியாட்ட விழாவில், மங்கேரா சம்பாக் குழுவின் அலங்கார ஊர்தி ஒன்றில் அவரை அமர்த்தி ஊர்வலமாகக் கொண்டு சென்றனர். மருந்தின் மயக்கத்தில், கையசைக்கவும் வலுவின்றி, வெறித்த பார்வையுடன் அவர் இருந்தார். கூட்டத்தைச் சிரிக்க வைத்த மனிதர் அன்று கூட்டத்தின் கண்களைக் கலங்க வைத்தார்.

1983 ஆம் ஆண்டு சனவரி 20 ஆம் திகதி, மதுவினால் நேர்ந்த நோய் முற்றி, றியோவின் மருத்துவமனை ஒன்றில் கரிஞ்சா காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 49. பூதவுடல் மரக்கானா அரங்கில் மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. பின்னர் தீயணைப்புப் படையினரின் வண்டியில் பாவ் கிராண்டேக்குக் கொண்டு செல்லப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உலகக் கிண்ணத்தோடு அவர் திரும்பிய நகரம், இப்போது அவருடைய பேழைக்கு வழிவிட்டு நின்றது. நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் பாலங்களின் மேலும் மக்கள் நெருக்கியடித்து நின்றனர். வாகனங்கள் நகர இயலாது தவித்தன. பிறந்த ஊரில் கூட்டம் அளவிறந்தது. அருகிலுள்ள ரைஸ் டா செறா சேமக்காலையில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். கவிஞர் கார்லோஸ் டிரமண்ட் டி அந்திராடே அடுத்த சில நாட்களுக்குள் நாளிதழில் அவரைப் பற்றி உருக்கமாக எழுதினார். மக்களின் மகிழ்ச்சியாய் இருந்தவர் இங்கே அமைதியாகத் துயில்கின்றார் என்னும் பொருள்பட அவருடைய கல்லறையில் எழுதப்பட்டது.

அன்று வீதிகளில் ஒலித்த அழுகை போலியானதன்று. ஏழைத் தொழிலாளர் பலருக்குக் கரிஞ்சா தம் உருவமாகவே இருந்தார். உடற்குறையும் வறுமையும் கல்வியின்மையும் இருந்தும் உலகை வென்ற ஒருவர் தம் ஊரில் பிறந்தார் என்பது அவர்களுக்குப் பெருமை. அவ்வழுகையில் குற்றவுணர்வும் கலந்திருந்தது. இவர் கண்முன் அழிந்தபோது நாம் என் செய்தோம் என்னும் வினா அவ்வூர்வலத்தோடு கூடவே சென்றது. ஒரு மனிதரின் ஆட்டத்தை நேசிப்பதும் அம்மனிதரை நேசிப்பதும் ஒன்றல்ல என்பதை அந்நாடு அன்று காலந்தாழ்த்தி உணர்ந்தது.

உணர்ந்த பாடம் நிலைத்ததா? தலைநகர் பிறேசிலியாவில் 1974 இல் திறக்கப்பட்ட அரங்கு பின்னர் கரிஞ்சாவின் பெயரைப் பெற்றது. 2014 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்காக அது இடிக்கப்பட்டு, ஏறக்குறைய 72,000 பேர் அமரத்தக்கதாக, அப்போட்டிக்கென அமைந்த அரங்குகளுள் மிகுந்த செலவு பிடித்தவற்றுள் ஒன்றாக மீண்டும் எழுந்தது. மாறாக, 2017 இல் வெளிவந்த செய்தி ஒன்று நாட்டைத் திகைக்க வைத்தது. கரிஞ்சாவின் எலும்புகள் எங்கே உள்ளன என்பது சேமக்காலையைப் பராமரிப்போருக்கே உறுதியாகத் தெரியவில்லை என்பதே அச்செய்தி. அங்கே அவர் பெயர் தாங்கிய இரு இடங்கள் உண்டு. இடையில் ஒரு காலத்தில் உடல் தோண்டி எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. ஆனால் அது எங்கு வைக்கப்பட்டது என்பதற்கு ஏட்டுப் பதிவு இல்லை. பெயருக்கு மாபெரும் அரங்கு அமைத்த நாடு, உடலைப் புதைத்த ஆறடி நிலத்தைக் காக்கத் தவறியது.

நினைவைக் காப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. 1995 இல் எழுத்தாளர் ரூய் காஸ்ட்ரோ கரிஞ்சாவின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். மதுவையும் குடும்பத் துயரங்களையும் அந்நூல் மறைக்கவில்லை. புதல்வியர் நீதிமன்றம் சென்றனர். நூலின் விற்பனை சிலகாலம் தடைசெய்யப்பட்டது. தந்தையின் மானத்தைக் காக்க முயன்ற மக்களைக் குறைகூறல் எளிதன்று. ஆயினும் குறைகளை நீக்கிய நினைவு அரை நினைவே. மது எவ்வாறு ஒரு பெருவீரரை அழித்தது, அவரைச் சுற்றியிருந்தோர் எவ்வாறு பார்த்திருந்தனர் என்பதை மறைத்துவிட்டால், அடுத்த கரிஞ்சாவைக் காப்பது எங்ஙனம்?

2022 டிசெம்பர் 29 ஆம் திகதி பெலே தமது 82 ஆம் வயதில் மறைந்தார். அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. சந்தோஸ் நகரில் அவருடைய கழகத்தின் அரங்கிலே பூதவுடல் ஒரு நாள் முழுதும் வைக்கப்பட்டிருக்க, 2,30,000 க்கு மேற்பட்டோர் வரிசையில் நின்று வணங்கினர். நூறு வயதான தாயார் வாழ்ந்த வீட்டைக் கடந்து ஊர்வலம் சென்றது. அரசருக்கு அரசருக்குரிய விடை கிடைத்தது. அவர் துயிலும் இடம் யாவருக்கும் தெரியும். அவ்வாண்டின் தொடக்கத்திலே, சனவரி 20 ஆம் திகதி, எல்சா சோவாரெஸ் காலமானார். கரிஞ்சா மறைந்து சரியாக 39 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. ஒரு காலத்தில் அவர்மீது வசை பொழிந்த நாடே அன்று அவரைத் தன் பெரும் பாடகியரில் ஒருவராகப் போற்றி அழுதது.

இன்றும் பழைய படச்சுருள்களில் கரிஞ்சா வலது ஓரத்தில் நிற்கின்றார், உடலைச் சாய்க்கின்றார், எதிரி மீண்டும் ஏமாறுகின்றான், அவர் பிறந்த காலத்தையும் நாட்டையும் அறியாத சிறுவனும் அதைக் கண்டு சிரிக்கின்றான். அம்மகிழ்ச்சி அழியவில்லை. அதனை அவரே தம் கால்களால் காத்துக்கொண்டார். பிறர் காக்க வேண்டியிருந்தவை இரண்டு: உயிரோடிருந்த மனிதர், இறந்த பின் அவர் துயின்ற இடம். அவ்விரண்டுமே கைநழுவிப் போயின. தமக்கு இன்பம் அளித்தவரைப் போற்ற விரும்பும் எந்தச் சமூகமும், பேழைக்குப் பின்னால் திரள்வதற்கு முன், அவர் உயிரோடிருக்கையிலேயே அவர் வீட்டு வாயிலுக்குச் செல்லக் கற்றல் வேண்டும்.