பேச்சை முடித்து வைத்த பழமொழிகள்

தொல்காப்பியர் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் வகுக்கிறார். நுட்பமும் சுருக்கமும் ஒளியும் உடையதாய், கருதிய பொருளை முடித்து வைப்பதற்குக் காரணமாக வருவது முதுமொழி என்கிறார். இந்த ‘முடித்து வைப்பது’ என்ற இடத்தில்தான் என் மனம் நிற்கிறது. வீட்டில் பழமொழி எப்போது வருகிறது? வாக்குவாதம் நீளும்போது வருகிறது. வந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது.

எங்கள் அத்தை எட்டாம் வகுப்புக்கு மேலும் படிக்க ஆசைப்பட்டு அழுதபோது, “அடுப்பூதுற பொம்பளைக்குப் படிப்பு எதுக்கு ஆத்தா?” என்று அப்பத்தா கேட்டாராம். அப்பத்தாவுக்கு மகள்மேல் உயிர். கடுமையாகக் கூடப் பேசவில்லை. ஆனாலும் அத்தை அதன்பின் வாய் திறக்கவில்லை. தாத்தா மறுத்திருந்தால் அவரோடு வாதாடியிருக்கலாம். ஊரே காலங்காலமாகச் சொல்லிவரும் சொல்லோடு ஒரு சிறுமி எப்படி வாதாடுவாள்? சொன்னவர் யாரென்று தெரியாத சொல்லுக்கு மறுமொழியும் கிடையாது. வசைச்சொல்லைவிடப் பழமொழி ஆழமாகப் பாய்வது இதனால்தான்.

இத்தகைய பழமொழிகளுக்குப் புதுப்பொருள் கண்டு காப்பாற்றும் வழக்கம் இப்போது மேடைகளில் பெருகியிருக்கிறது. ‘பெண்புத்தி பின்புத்தி’ என்றால் பின்னால் வரப்போவதை அறியும் புத்தியாம். ‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்’ என்பதில் வருபவன் கல்வி கல்லாதவனாம். ‘அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பதில் உள்ள அடி இறைவனின் திருவடியாம். தமிழ்மீதுள்ள பற்றினால் இப்படிச் சொல்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனால் இதை நான் ஏற்கவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருளைத் தருவது அது வழங்கிய விதம். பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இந்த ‘அடி’யை நம் வீடுகளில் சொன்னார்கள். கணவனிடம் அடிபட்டுப் பிறந்தகம் வந்த மகளைத் திருப்பி அனுப்பும்போதுதான் ‘கல்லானாலும் கணவன்’ வந்தது. புதிய விளக்கம் பழமொழியின் மானத்தைக் காக்கிறது. அந்த மகளுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

சாதிப்பெயரை வைத்து ஒரு மனிதரின் அறிவையும் தூய்மையையும் இகழும் சொலவடைகளை இங்கே எடுத்துக்காட்டாகக்கூட எழுத மாட்டேன். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தபின்னும் அவை திண்ணைகளில் உலவுகின்றன. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’, ‘நொண்டிச் சாக்கு’ போன்றவற்றைச் சொல்பவர் பெரும்பாலும் யாரையும் நினைத்துச் சொல்வதில்லை. கேட்பவர் நிலை வேறு. ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை அரசு ஆவணம் வரை கொண்டுசேர்த்த தமிழகம், அன்றாடப் பேச்சிலும் அந்தக் கவனத்தைக் காட்டலாம்.

அப்படியானால் உறுத்துவதையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்பதைப் பாருங்கள். அது மருமகள் கண்டுபிடித்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். குடத்தின் கணக்கில் குடும்பத்தின் அநீதி முழுவதையும் அளந்து காட்டிவிட்டாள். ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பதும் அப்படித்தான். ஏழையை இழிவுபடுத்துவதாக ஒருவர் அதை நீக்கச் சொன்னால், ஏழையின் முறையீட்டையே நீக்கியவராவார். கொடுமையைக் காட்டிக்கொடுக்கும் பழமொழி வேறு, கொடுமையைச் செய்யும் பழமொழி வேறு. முன்னதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். பின்னதைப் பிள்ளைகள் காதில் போடாமல் நிறுத்த வேண்டும்.

நிறுத்துவது என்றால் ஏட்டிலிருந்தும் அழிப்பது என்று பொருளல்ல. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1840களில் ஒரு பழமொழித் தொகுப்பை வெளியிட்டார். அதை விரித்து 1874இல் சென்னையில் கொண்டுவந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. 1897இல் டென்மார்க்கு நாட்டுப் பாதிரியார் ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாகப் பகுத்து இன்னொரு தொகுப்பைத் தந்தார். இனிப்பும் கசப்புமாகக் கிடைத்ததை அவர்கள் சேர்த்து வைத்ததால்தான் நம் முன்னோர் யாரை எப்படி நடத்தினர் என்று இன்று அறிய முடிகிறது. பெர்சிவல் நூலில் அகரவரிசையில் பழமொழியும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. அதைச் சொன்னது மாமியாரா மருமகளா, பண்ணையாரா பண்ணையாளா என்ற விவரத்தைப் பெரும்பாலும் காண முடியாது. நாம் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் எண்பது வயதைக் கடந்த பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், இந்த வாரமே அருகில் உட்கார்ந்து அவர்களுடைய பழமொழிகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை யார் யாரிடம் சொன்னார், கேட்டவர் அதன்பின் என்ன செய்தார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.