நெகிரி செம்பிலான் தோட்டங்களும் இந்திய அரசின் ஏஜண்டு அலுவலகமும்

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலில் தொடங்கிக் காடழித்த கதையைக் கூறிப் பால்மரத்தடியில் நிறைவு செய்வது வழக்கம். அவ்வாழ்வின் துயரைப் பாடியோரும் பலர்; கதையாக்கியோரும் பலர். ஆயினும், தோட்டத்து மக்களின் குறையும் கோரிக்கையும் எவ்வழியே சென்று கடல் கடந்த அரசுகளின் செவியை எட்டின என்னும் வினா அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. சிரம்பானுக்கு அப்பால் ஒரு லயத்தில் வாழ்ந்த தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றிப் புதுடில்லிச் சட்டசபையிலும் இலண்டன் அமைச்சகத்திலும் பேச நேர்ந்தது எப்படி? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் கோலாலம்பூரில் இயங்கிய ஓர் அலுவலகத்தின் வாயிலில் வந்து நிற்பர். அதுவே இந்திய அரசின் ஏஜண்டு அலுவலகம்.

தோட்டங்கள் தோன்றிய சூழல்

நெகிரி செம்பிலான் என்பதற்கு ஒன்பது நாடுகள் என்பது பொருள். கூட்டரசு மலாய் மாநிலங்கள் என 1890களில் இணைக்கப்பட்ட நான்கனுள் இதுவும் ஒன்று. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே லின்சம் போன்ற இடங்களில் காப்பித் தோட்டங்கள் எழுந்திருந்தன. காப்பி விழுந்தபின் ரப்பர் வந்தது. லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, தம்பின், பகாவ் எனப் பரந்த நிலங்களில் பால்மரங்கள் அணிவகுத்தன. மரங்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. அக்கைகள் தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து வந்தன.

அவர்கள் வந்த முறை இருவகைப்பட்டது. தொடக்கத்தில் நிலவிய ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதனோடு உடனிருந்து வளர்ந்த கங்காணி முறை அதன்பின் முதன்மை பெற்றது. தோட்டத்துத் துரையிடம் உரிமச்சீட்டும் பணமும் பெற்றுத் தன் சொந்த ஊருக்குச் சென்ற கங்காணி, உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கி அவர்கள் கப்பலேறினர். பயணச் செலவை ஏற்பதற்கென 1907இல் ஒரு பொது நிதி உருவாக்கப்பட்டது. தமிழர் குடியேற்ற நிதி எனத் தொடங்கிய அது பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. தோட்ட முதலாளிகள் அனைவரும் அதற்கு வரி செலுத்தினர்.

இவ்வமைப்பில் தொழிலாளிக்கும் வெளியுலகுக்கும் நடுவே நின்றவர் யாவர்? கங்காணி, கிராணி, துரை என்னும் மூவரே. ஒருவன் குறை கூற விரும்பினால், யாரைப் பற்றிக் குறை கூற வேண்டுமோ அவரிடமே சென்று கூற வேண்டிய நிலை இருந்தது. காலைப் பெரட்டில் நின்ற ஒவ்வொரு தலைக்கும் கங்காணி தலைக்காசு பெற்றான். ஆதலின் அவன் ஊராரின் காவலனாகவும் துரையின் ஆளாகவும் ஒரே வேளையில் இருந்தான். அரசின் தொழில் அலுவலர் அவ்வப்போது வருவதுண்டு. ஆனால், அவரும் தோட்டத்துரையும் ஒரே மொழியைப் பேசினர். ஒரே மன்றத்தில் மாலைப்பொழுதைக் கழித்தனர்.

1922ஆம் ஆண்டுச் சட்டம்

இந்நிலையில் இந்தியாவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பீஜி, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் இந்தியர் பட்ட துன்பம் அங்கே பெருங்கிளர்ச்சியை எழுப்பியிருந்தது. அதன் விளைவாக 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் நிறைவேறியது. தொழிற்பயிற்சியற்ற உழைப்பாளர், சட்டமன்றத்தின் இசைவோடு அறிவிக்கப்படும் நாடுகளுக்கு மட்டுமே, அறிவிக்கப்படும் நிபந்தனைகளின்படியே செல்லலாம் என அச்சட்டம் வகுத்தது. மலாயாவும் இலங்கையும் அவ்வாறு அறிவிக்கப்பட்ட நாடுகள். நிபந்தனைகளுள் ஒன்று நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. இந்தியத் தொழிலாளர் வாழும் நாட்டில் இந்திய அரசு தன் ஏஜண்டை நியமித்துக்கொள்ளலாம் என்பதே அது.

இவ்வாறு இலங்கையில் கண்டியிலும், மலாயாவில் கோலாலம்பூரிலும் ஏஜண்டு அலுவலகங்கள் அமைந்தன. பின்னர்த் தென்னாப்பிரிக்காவுக்கும் ஓர் ஏஜண்டு அனுப்பப்பட்டார். சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ நாற்பது கல் தொலைவு. புகைவண்டியில் செல்லலாம், கடிதமும் அனுப்பலாம். நெகிரி செம்பிலான் தோட்டத்தானுக்குத் துரையின் பங்களாவைக் கடந்து போகும் ஒரு வழி முதன்முறையாகத் திறந்தது.

ஏஜண்டின் பணியும் எல்லையும்

ஏஜண்டு செய்த பணிகளை நான்காகப் பகுத்துக் கூறலாம். தோட்டங்களுக்கு நேரில் சென்று பார்ப்பது முதலாவது. லயங்கள், குடிநீர், மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம், பள்ளி, கள்ளுக்கடை ஆகியவற்றை அவர் கண்டு குறித்துக்கொண்டார். முறையீடுகளைக் கேட்டு அவற்றை மலாயாத் தொழில் துறைக்கு அனுப்பி விளக்கம் பெறுவது இரண்டாவது. நோயுற்றோரும் ஆதரவற்றோரும் தாயகம் திரும்பத் துணைபுரிவது மூன்றாவது. ஆண்டுதோறும் இந்திய அரசுக்கு அறிக்கை எழுதுவது நான்காவது.

நான்கனுள் நிலைத்த பயன் தந்தது கடைசிப் பணியே எனலாம். அவ்வறிக்கைகள் அச்சிடப்பட்டன. எத்துணை பேர் வந்தனர், எத்துணை பேர் திரும்பினர், சம்பளம் யாது, அரிசி விலை யாது என்பனவெல்லாம் அவற்றில் எண்களாக இடம்பெற்றன. தோட்டத்தில் பெருமூச்சாகக் கரைந்துபோன செய்தி, அறிக்கையில் எண்ணாக மாறியபின் மறுக்க இயலாத சான்றாயிற்று. அவ்வெண்களை வைத்துக்கொண்டு இந்தியச் சட்டசபை உறுப்பினர் வினா எழுப்பினர்; கல்வி, சுகாதாரம், நிலம் ஆகியவற்றுக்கான துறை விடையளிக்க வேண்டியதாயிற்று; அங்கிருந்து இலண்டன் இந்திய அமைச்சகத்துக்கும் குடியேற்ற நாடுகள் அமைச்சகத்துக்கும் மடல்கள் சென்றன. தோட்டம், கோலாலம்பூர், டில்லி, இலண்டன், மீண்டும் கோலாலம்பூர் என ஒரு வட்டம் சுற்றியே ஒரு குறைக்குத் தீர்வு வர வேண்டியிருந்தது. அதற்குள் குறை கூறியவன் தோட்டத்தை விட்டே நீங்கியிருக்கவும் கூடும்.

ஏஜண்டுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. ஒரு துரையைத் தண்டிக்கவோ ஒரு காசு சம்பளத்தை உயர்த்தவோ அவரால் இயலாது. காணலாம், கேட்கலாம், எழுதலாம்; அவ்வளவே. இதனால் அவ்வலுவலகத்தைப் பயனற்றது என இகழ்ந்தோரும் உண்டு. அவ்விகழ்ச்சி முழுதும் நேர்மையானதன்று. இலங்கையில் 1927இல் இந்தியத் தொழிலாளருக்கெனக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இயற்றப்பட்டது. மலாயாவில் அத்தகைய சட்டம் எல்லாத் தோட்டங்களுக்கும் பொருந்துமாறு வரவில்லை. சில பகுதிகளுக்கு மட்டுமே நிலையான சம்பளம் அறிவிக்கப்பட்டது. ஒரே இந்திய அரசு, ஒரேவகை அலுவலகம். ஆயினும் ஈரிடத்தும் விளைவு வேறுபட்டது. உள்நாட்டு அரசு எந்த அளவுக்கு இணங்கியதோ அந்த அளவுக்கே அலுவலகத்தின் சொல் செயலாக மாறியது என்பது இதனால் விளங்கும்.

சாஸ்திரியார் வருகையும் 1938ஆம் ஆண்டுத் தடையும்

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. சம்பளம் வெட்டப்பட்டது, பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேண்டும்போது அழைப்பதும் வேண்டாதபோது கப்பலேற்றுவதும் தோட்ட முதலாளிகளுக்கு எளிதாக இருந்தன. விலை மீண்டும் உயர்ந்தபின்னரும் சம்பளம் அதே வேகத்தில் உயரவில்லை. இந்தியாவில் இது கண்டனத்துக்கு உள்ளாகவே, இந்திய அரசு மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியை மலாயாவுக்கு அனுப்பியது.

வலங்கைமானில் பிறந்த சாஸ்திரியார் அப்பொழுது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜண்டாகப் பணியாற்றியவர். தொழிலாளரோடு அவர்தம் தாய்மொழியிலேயே பேச வல்லவர். 1936 இறுதியிலும் 1937 தொடக்கத்திலும் மலாயாவில் சுற்றிப் பார்த்த அவர், ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் என்னும் பழைய சம்பளம் மீட்கப்பட வேண்டும் என்றார்; கங்காணி வழி ஆள்திரட்டல் நிறுத்தப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். ஆனால், பொதுநிலையில் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி அவர் கூறிய மென்மையான மதிப்பீடு இங்கிருந்த இந்தியத் தலைவர்களுக்கு மனநிறைவைத் தரவில்லை. 1936இல் தோன்றியிருந்த மலாயா மத்திய இந்தியர் சங்கம் அவ்வறிக்கையைக் கடுமையாகக் குறை கூறியது.

1938இல் ரப்பர் விலை சரியவே மீண்டும் சம்பளம் குறைக்கப்பட்டது. இம்முறை இந்திய அரசு மடல் எழுதுவதோடு நிற்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 15 முதல், உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை முற்றும் தடைசெய்தது. ஏஜண்டு அலுவலகம் ஆண்டுக்கணக்கில் குவித்த எண்களுக்குப் பின்னால் இப்பொழுது ஒரு வலிமை வந்து நின்றது. ஆள் அனுப்பமாட்டோம் என்னும் ஒரு சொல், பத்துப் பதினைந்து ஆண்டுகளின் முறையீடுகளைவிட உரக்க ஒலித்தது. இதிலிருந்து நாம் உணரத்தக்க உண்மை ஒன்றுண்டு: நடுவே நிற்கும் அலுவலகத்தின் வலிமை, அதன் பின்னால் நிற்கும் அரசு எதை மறுக்கத் துணிகிறது என்பதைப் பொறுத்தது.

எனினும், தடை வெளியிலிருந்து வந்த தீர்வு. தோட்டத்துக்குள் இருந்தவனின் மானக்குறையை அது தீர்க்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பள உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதையும் கோரினர். கள்ளுக்கடைகளை மூடுமாறும் கேட்டனர். அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அப்பொழுது ஏஜண்டாக இருந்த சுபிமல் தத் பின்னாளில் இந்திய வெளியுறவுச் செயலாளராக உயர்ந்தவர். அத்தகைய ஆற்றல் வாய்ந்தவர் இருந்தும், மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவை டில்லிக்கு எழுதித் தீர்க்க முடியவில்லை. தொழிலாளரே எழுந்து நின்று கேட்க வேண்டியிருந்தது.

போருக்குப் பின்

சப்பானியர் ஆட்சியில் இவ்வழிகள் அனைத்தும் அடைபட்டன. சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டத்து மக்கள் கொண்டுசெல்லப்பட்ட நாளில் அவர்களுக்காக எழுதுவதற்கு எந்த அலுவலகமும் இல்லை. போர் முடிந்தபின் ஏஜண்டு என்னும் பெயர் மறைந்து, இந்திய அரசின் பிரதிநிதி என்னும் பெயர் வந்தது. மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரான ஜான் திவி 1947இல் அப்பொறுப்பை ஏற்றார். 1957இல் மலாயா விடுதலை பெற்றது. குடியுரிமை பெற்ற தமிழன் இனித் தன் குறையைத் தன் நாட்டு அரசிடமே கூற வேண்டியவனானான்.

இக்காலத்தில் நெகிரி செம்பிலான் மற்றொரு வழியைத் திறந்தது. போருக்குப்பின் இம்மாநிலத் தோட்டத் தொழிலாளரிடையே சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். 1962இல் மகசேசே விருது பெற்றார். 1975இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலக சம்மேளனத்துக்குத் தலைவரானார். ஏஜண்டு அலுவலகம் தொழிலாளிக்காகப் பேசியது. சங்கமோ தொழிலாளி சந்தா செலுத்தித் தானே அமைத்துக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மலாயா 1957இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தில் உறுப்பினராயிற்று. அந்நிறுவனம் 1958இல் தோட்டத் தொழிலாளருக்கெனவே தனி உடன்படிக்கை ஒன்றை இயற்றியது. அதனை நம் நாடு ஏற்கவில்லை. குறைந்தபட்சச் சம்பள ஆணை 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. சம்பள நிர்ணயம் குறித்த அனைத்துலக உடன்படிக்கையை மலேசியா 2016இல் ஏற்றது. சாஸ்திரியார் 50 காசுக்காக வாதாடியதற்கும் இதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. அதற்குள் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைக் காடாயின. தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை நகர்ப்புறங்களுக்குச் சென்றுவிட்டன.

இன்று நாம் கருதவேண்டுவது

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இன்று வேலை செய்வோருள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பலர். அவர்களுக்காகக் கோலாலம்பூர்த் தூதரகங்களில் தொழில் அதிகாரிகள் உள்ளனர். நம் பாட்டன்மார் தட்டிய கதவுகளைப் போன்ற கதவுகளையே அவர்களும் தட்டுகின்றனர். அவர்களை அயலாராக மட்டும் காண்பது, நம் வரலாற்றை நாமே மறப்பதாகும்.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஏஜண்டின் அறிக்கைகள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைத் தேடிப் படிக்கலாம். ஆனால், அவ்வறிக்கைக்குக் காரணமான குரல் தமிழில் எழுந்தது. தோட்டப் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, சங்கச் சந்தாப் புத்தகம், ஊருக்கு எழுதிய கடிதம் ஆகியவை இன்னும் சில இல்லங்களில் பெட்டியடியில் கிடக்கின்றன. தோட்டங்கள் மறையுந்தோறும் அவையும் மறைகின்றன. அரசு எழுதிய பக்கம் ஆவணக் காப்பகத்தில் பாதுகாப்பாக இருக்கும். மக்கள் எழுதிய பக்கத்தைக் காப்பவர் நாமே.