தாம்போதியில் எரிபொருட் சிக்கனம்: மடத்துவெளி வீதியை முன்வைத்து

1. களம்

வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்குள் நுழைந்தால் மடத்துவெளி. ஏற்ற இறக்கம் இல்லாத வீதி, தாம்போதியின் இருபுறமும் கடல். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல்தான். வடிவமைப்பில் எது எரிபொருளை மிச்சம் பிடிக்கிறது என்பதை இந்த வீதியில் வைத்தே பார்க்கலாம்.

2. காற்று

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 40 கிலோமீற்றர் வேகத்தில் அது சிறு செலவு. ஆனால் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். புங்குடுதீவுக்குத் திரும்பும் காரின் முகத்தில்தான் அறையும். காற்று 30 கிலோமீற்றரில் வீசினால், கார் 70இல் ஓடுவதுபோலத் தடையைச் சந்திக்கும்: ஏறத்தாழ மூன்று மடங்கு. தடைக் கெழு 0.28 கொண்ட ரொயோற்றா அக்குவா இங்கே தப்பும். உயர்ந்த வான் திணறும்.

2.1 எடையும் ரயரும்

ரயரின் உருளல் தடை எடையோடு கூடும். காற்றுக் குறைந்த ரயர் எந்த நல்ல வடிவமைப்பையும் வீணாக்கும். தடுப்பு மிதிக்கும்போது மின்சாரத்தை மீட்கும் ஹைபிரிட் வசதி கொழும்பு நெரிசலுக்கு உரியது. தாம்போதியில் தடுப்புக்கு வேலை குறைவு.

3. அமுக்க விகிதம்

என் கணிப்பில் முதன்மையான விடயம் இதுவே. சிலிண்டருக்குள் கலவையை எவ்வளவு நெருக்குகிறோமோ, அவ்வளவு வெப்பம் வேலையாகும். கொள்கையளவில் விகிதம் 7 என்றால் வினைத்திறன் 54 வீதம். 10 என்றால் 60. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் விகிதம் 7க்கும் குறைவு. அக்குவாவில் 13.4. அதன் உள்ளெடுப்பு வால்வு பிந்தி மூடுவதால், நெருக்குவதைவிட விரிவது நீளம்.

கணக்குப்படி மைனர் வீண்செலவுக் கார். ஆனால் 1990இல் பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காதபோது ஓடியவை மைனரும் ஒஸ்ரினும்தான். சூப்பிப் போத்தலிலிருந்து காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி இயந்திரத்தை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். வெண்புகையும் அந்த நெடியும் வீதியெங்கும் நிற்கும். குறைந்த நெருக்கம் என்பதால்தான் மண்ணெண்ணெய் முந்திப் பற்றாமல் தாங்கியது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்தக் குறைதான். அக்குவாவின் தொட்டியில் அதே மண்ணெண்ணெயை ஊற்றினால் இயந்திரம் தட்டித் தட்டிப் பழுதாகும்.